மூன்றரை வயதுப் பையனுக்கு முன்பற்கள் கரைகின்றன: விழப்போகிற பல்லுக்கு வைத்தியம் தேவையா?

பள்ளத்தூர் மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். என் பையனுக்கு மாசியில் நான்கு வயது முடிகிறது. மேல்வரிசை முன்பற்கள் நான்கும் கரைந்துகொண்டே வருகின்றன. முதலில் ஈறை ஒட்டி வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. அப்புறம் அது பழுப்பானது. வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். இரும்புச்சத்து டானிக் குடித்த கறை என்றார் அத்தை. கால்சியம் பற்றவில்லை என்றார் நாத்தனார். என் அம்மாவோ, கர்ப்பமாக இருந்தபோது நான் பாலே குடிக்கவில்லை என்று பழியை என் பக்கம் திருப்பிவிட்டார்.

இப்போது நடுவில் இருக்கிற இரண்டு பற்களும் பாதி உயரம்தான் இருக்கின்றன. தோசையின் மொறுமொறு ஓரத்தை ஒதுக்கிவிட்டு நடுவை மட்டும் பிய்த்துத் தின்கிறான். தேன்குழல், சீப்புச்சீடை பக்கமே போவதில்லை. மாவுருண்டை என்றால் வாயில் போட்டு ஊறவைத்துக் கரைத்துத் தின்கிறான்.

காரைக்குடியில் ஒரு பல் டாக்டரிடம் காட்டினோம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, நடுப்பல் இரண்டுக்கும் வேர் சிகிச்சை, பக்கத்துப் பல் இரண்டுக்கும் அடைப்பு, கடைவாயில் ஒரு பல்லுக்கு உலோக மூடி என்று சொன்னார். செலவைக் கேட்டதும் அத்தை அங்கேயே, "விழுந்து முளைக்கிற பல்லுக்கு யாராச்சும் மூடி போடுவாகளா? எந்திரி, வீட்டுக்குப் போவோம்" என்றுவிட்டார். சிங்கப்பூரில் இருக்கும் என் கணவர், பொங்கலுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்.

எனக்குப் புரியாதது இதுதான். எங்கள் வீட்டில் பல் விளக்காமல் காலையில் பச்சைத்தண்ணீர்கூடக் கிடையாது. பையனும் அப்படித்தான். குழந்தைகளுக்கென்று விற்கிற பேஸ்ட் வாங்கித் தருகிறேன், அவனே நன்றாகத் தேய்த்துக்கொள்கிறான். வெள்ளைச் சர்க்கரை சேர்ப்பதில்லை, பாலுக்குக் கருப்பட்டிதான். ராத்திரி மட்டும் பால் பாட்டிலோடு தூங்குவான், நடுவில் ஒருதடவை எழுந்து கேட்பான். மற்றபடி இனிப்பு அதிகம் இல்லை. எதிர் வீட்டுப் பிள்ளை சாக்லேட்டையே சாப்பாடாகத் தின்கிறது, அதற்கு ஒரு சொத்தையும் கிடையாது.

வைத்தியம் செய்வதா, விழும் வரை விட்டுவிடுவதா? அடுத்து முளைக்கிற பல்லும் இப்படித்தான் வருமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தேவகோட்டை வள்ளி:

விட்டுவிடாதீர்கள் என்பதுதான் என் பதில். என் அக்கா வீட்டிலும் இதே பேச்சு நடந்தது. அவர்கள் பெண்ணுக்கு அப்போது ஐந்து வயது, கீழே கடைவாய்ப்பல்லில் குழி. பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடி போய்விட்டு வந்த ராத்திரி கன்னம் வீங்கிவிட்டது. ஒரு கண் பாதி மூடிக்கொண்டது. காய்ச்சல் வேறு. விடிந்தும் அன்றைக்குத் திறந்திருக்கிற டாக்டரைத் தேடி அலைந்தார்கள். கடைசியில் பல்லைப் பிடுங்கித்தான் ஆகவேண்டியிருந்தது. பிடுங்கிய இடம் மூடிப்போகாமல் இருக்க ஒரு கம்பி வளையம் மாட்டி, அதையும் அடிக்கடி கொண்டுபோய்க் காட்டிக்கொண்டிருந்தார்கள். முதலிலேயே அடைத்திருந்தால் ஆகியிருக்கும் செலவை அக்கா இன்றைக்கும் கணக்குப் போட்டுச் சொல்வாள்.

---

கண்டனூர் ஆச்சி:

தாயி, பயப்படாதே. நாங்கள் எல்லாம் கருவேலம்பட்டைப் பொடியில் பல் விளக்கி வளர்ந்தவர்கள். என் பிள்ளைகள் கந்தரப்பமும் பால்பணியாரமும் தின்னாத நாள் உண்டா? பேத்தி ஒருத்திக்குப் பல்லில் பூச்சி விழுந்தபோது, கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடிக்க வைத்துப் பூச்சி எடுத்தார்கள். வெள்ளையாக இரண்டு மூன்று புழு விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். வலி நின்றுவிட்டது. பால்பல் விழுந்தால் சாணி உருண்டையில் வைத்து ஓட்டின்மேல் எறிந்துவிட்டு, அடுத்த பல்லுக்குக் காத்திருப்போம். சின்னப்பிள்ளை வாயில் ஊசியும் மெஷினும் வைப்பது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. மற்றவர்களும் சொல்லட்டும்.

---

கடைவாய்ப்பல்:

நான் குழந்தைகளுக்கான பல் மருத்துவர். காரைக்குடியில்தான் பார்க்கிறேன். வாயைப் பார்க்காமல் வைத்தியம் சொல்வது சரியில்லை. அதனால் அந்த டாக்டர் சொன்னதில் எது வேண்டும், எது வேண்டாம் என்று இங்கே தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதில் பாதி பதில் உள்ளேயே இருக்கிறது.

முதலில், கீழ்வரிசை முன்பற்கள் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் முத்துப்போல இருக்கும். பாட்டிலைச் சப்பும்போது நாக்கு முன்னால் நீண்டு கீழ்ப்பற்களை மூடிக்கொள்கிறது. பக்கத்திலேயே எச்சில் சுரப்பியும் இருப்பதால் அவை கழுவிவிட்டது போல் இருக்கும். பால் போய்த் தேங்குவது மேல்வரிசை முன்பற்களைச் சுற்றி. அடுத்து அடி வாங்குவது கடைவாயின் முதல் பல். உங்கள் பையனுக்குச் சொன்ன ஐந்து பற்களும் அந்த வரிசைதான். கால்சியம் குறைந்திருந்தால் இப்படிப் பார்த்துப் பார்த்துப் பிடிக்காது. இரும்பு டானிக் கறை மேலே படியும், பல்லைக் கரைக்காது. கர்ப்பத்தில் நீங்கள் பால் குடிக்காததும் இதற்குக் காரணமில்லை, அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

நடப்பது என்னவென்றால், வாயில் இருக்கும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலமாக மாற்றுகின்றன. ஒருதடவை இனிப்பு உள்ளே போனால் அந்த அமிலம் அடங்க அரைமணி முதல் ஒருமணி நேரம் ஆகும். எச்சில்தான் அதை அடக்கி, பல் இழந்த சுண்ணச்சத்தைத் திருப்பித் தருகிறது. தூங்கும்போது எச்சில் ஏறக்குறைய நின்றுவிடும். அப்போது வாயில் தேங்கிய கருப்பட்டிப் பாலைக் கேட்க ஆளில்லை. பல்லுக்கு அது விடிய விடிய விருந்து. நடுராத்திரி இரண்டாவது பாட்டில் இரண்டாவது பந்தி.

கருப்பட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. என்னிடம் வரும் அம்மாக்களில் பலர், "சர்க்கரையே தொடுவதில்லை டாக்டர்" என்று பெருமையாகச் சொல்வார்கள். கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன், பேரீச்சம்பழச் சாறு எல்லாம் கிருமிக்கு ஒன்றுதான். அதிலும் தேன் ஒரு வயதுக்குள் எந்தப் பிள்ளைக்கும் கூடவே கூடாது. அதற்குக் காரணம் பல் இல்லை, தேனில் இருக்கக்கூடிய ஒரு நச்சுக்கிருமி. சூப்பானைத் தேனில் தோய்த்துக் கொடுக்கும் பழக்கம் இன்னும் நம் பக்கம் இருப்பதால் இதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

எதிர் வீட்டுப் பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். எவ்வளவு தின்கிறது என்பதைவிட எத்தனை தடவை தின்கிறது, எவ்வளவு நேரம் அது வாயில் கிடக்கிறது என்பதுதான் முக்கியம். அந்தப் பிள்ளை சாக்லேட்டை மென்று விழுங்கிவிட்டு ராத்திரி பல் தேய்த்துப் படுக்கிறதோ என்னவோ. உங்கள் பையன் மாவுருண்டையை ஊறவைத்துத் தின்கிறான். பல் கூசுவதால் அப்படிச் செய்கிறான், அப்படிச் செய்வதால் பல் இன்னும் கெடுகிறது.

நம்மூர்ப் பெரிய வீடுகளில் இந்தக் கணக்கு அம்மாவுக்கே தெரியாது என்பதையும் பார்த்திருக்கிறேன். பிள்ளை வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றி ஓடும். ஒரு பக்கம் அப்பத்தா கையில் ஒரு துண்டு வெல்லம், முகப்பில் ஐயா பையிலிருந்து ஒரு மிட்டாய், சித்தி அறையில் பிஸ்கட், மூன்று மணிக்கு இடைப்பலகாரம். அம்மா கொடுத்தது காலையும் மாலையும் பால் மட்டும். "நான் இனிப்பே கொடுப்பதில்லை" என்று அவள் சொல்வது பொய்யில்லை. ஆனால் அத்தனையையும் எழுதிக்கொண்டு வரச் சொன்னால் தாள் நிறைந்துவிடும். அதனால் நான் இப்போது அம்மாவை மட்டும் உட்காரவைத்துப் பேசுவதில்லை. கூட வந்த அப்பத்தாவை உள்ளே கூப்பிட்டு, பேரனின் உதட்டைத் தூக்கிக் காட்டுவேன். பாதிப் பேச்சு அதிலேயே முடிந்துவிடும்.

உதட்டைத் தூக்கிப் பார்ப்பது எல்லா அம்மாக்களும் செய்யவேண்டிய காரியம். மாதம் ஒருதடவை, வெளிச்சத்தில் உட்காரவைத்து, மேலுதட்டைத் தூக்கி, துணியால் பல்லைத் துடைத்து உலர்த்திவிட்டுப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைக்கோடு தெரிந்தால் அதுதான் சொத்தையின் முதல் படி. அந்தக் கட்டத்தில் பாட்டிலை நிறுத்தி, பல்லை உறுதியாக்கும் ஃபுளோரைடு கலந்த பேஸ்ட் போட்டுத் தேய்த்து, டாக்டரிடம் ஃபுளோரைடு வார்னிஷ் பூசிக்கொண்டால் குழி விழாமலே நிறுத்திவிடலாம். பழுப்பாகி உடைந்த பிறகு எந்தப் பேஸ்ட்டாலும் பல் வளராது.

பேஸ்ட் குழாயைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். குழந்தைகளுக்கென்று விற்பவை பலவற்றில் ஃபுளோரைடே இருக்காது, அல்லது அளவு மிகக் குறைவு. 1000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு ஃபுளோரைடு) என்று போட்டிருக்க வேண்டும். நம் நாட்டில் பேஸ்ட்டுக்கு அனுமதித்த உச்ச அளவும் அதுதான், ஆகவே பெரியவர்கள் தேய்க்கிற சாதாரண ஃபுளோரைடு பேஸ்ட்டே போதும். மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு, அதற்குமேல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் முழுக்க அலையலையாகப் போடுகிறார்களே, அது விற்கிறவர்களுக்கு நல்லது. தேய்த்தபின் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்தால் மருந்தும் போய்விடும்.

அடுத்தது, அவனே தேய்த்துக்கொள்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டைப் பொத்தானை ஒழுங்காகப் போடத் தெரியாத கைக்குக் கடைவாய் எட்டாது. ஏழெட்டு வயது வரை பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டும். அவன் ஆசைக்கு முதலில் அவன் தேய்க்கட்டும், பிறகு நீங்கள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவன் தலையை உங்கள் மடியில் மல்லாக்கச் சாய்த்து, மேலிருந்து பார்த்துத் தேய்த்தால் எல்லாப் பல்லும் தெரியும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய காலத்தில் காலில் போட்டு முகம் கழுவி விட்டிருப்பீர்களே, அந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

காலையில் பல் விளக்காமல் பச்சைத்தண்ணீர் கிடையாது என்று சொன்னீர்கள். நம் எல்லோர் வீட்டிலும் அது ஆசாரம், யாரும் மீறுவதில்லை. ராத்திரிக்குத்தான் சட்டமே இல்லை. சாப்பிட்டான், டிவி பார்த்தான், தூங்கிவிட்டான், எழுப்பினால் அழுவான், விடு. பல்லைப் பொறுத்தவரை காலையில் விட்டால்கூடச் சமாளிக்கலாம், ராத்திரி விடவே கூடாது. ராத்திரி தேய்த்தபின் தண்ணீர் தவிர வேறெதுவும் இல்லை. இருமல் மருந்து கொடுத்தாலும் அதற்குப் பிறகு பல்லைத் துடைக்க வேண்டும். குழந்தைகளுக்கான சிரப் பெரும்பாலும் சர்க்கரைப் பாகுதான்.

விழப்போகிற பல்தானே என்ற கேள்விக்குப் பதில். பால்பற்கள் மொத்தம் இருபது. முன்பற்கள் விழுவது ஆறு முதல் எட்டு வயதுக்குள். கடைவாய்ப் பால்பற்கள் விழப் பத்து, பன்னிரண்டு வயது ஆகும். உங்கள் பையனின் கடைவாய்ப்பல் இன்னும் ஆறேழு வருடம் உழைக்கவேண்டிய பல். அது முன்னதாகப் போனால் பின்னால் இருக்கும் பல் முன்னால் சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு முளைக்கிறது கோணலாகவோ, முளைக்காமல் உள்ளேயோ நின்றுவிடும். வள்ளி சொன்ன கம்பி வளையம் அதற்காகத்தான். நிலைப்பல் பால்பல்லின் வேருக்கு அடியில்தான் உருவாகிக்கொண்டிருக்கிறது. வேரில் சீழ் கட்டிக் கவனிக்காமல் விட்டால், அடியில் இருக்கும் பல்லின் எனாமலில் தழும்பு விழ வாய்ப்புண்டு. அடுத்த பல்லும் இப்படி வருமா என்று கேட்டீர்கள். சொத்தையோடு முளைக்காது. ஆனால் அதே பழக்கமும் அதே கிருமியும் இருக்கிற வாயில் முளைத்தால் அதற்கும் இதே கதிதான்.

உடனே பார்க்கவேண்டிய அடையாளங்கள்: ஈறில் சின்னக் கொப்புளம் தோன்றி அமுங்கி மறுபடி தோன்றுவது, ராத்திரி வலித்து எழுவது, கன்ன வீக்கம், காய்ச்சல். இவை இருந்தால் பொங்கல் வரை பொறுக்க வேண்டாம்.

ஆச்சி, நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பல்லுக்குள் புழு குடியிருக்காது. புகைபோட்டு விழவைத்துக் காட்டுவது பல்லிலிருந்து வந்ததில்லை. சொத்தை நரம்பைத் தொட்டு, நரம்பு செத்துப்போனாலும் வலி தானாக நிற்கும். அப்போதுதான் பூச்சி போய்விட்டது என்று நாம் நிம்மதியாகிறோம், உள்ளே சீழ் ஆரம்பிக்கிறது. கந்தரப்பத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். பணியாரம் சுட்ட அன்றைக்கு உட்கார்ந்து தின்று, வாய் கொப்பளித்து எழுந்த பிள்ளைகள் அவர்கள். அன்றைக்குப் பாட்டிலும் இல்லை, சங்கில் புகட்டினீர்கள். ஐந்து ரூபாய் பாக்கெட்டைப் பிரித்து நாள் முழுக்கக் கையில் வைத்துக்கொண்டு திரியவில்லை.

---

சிங்கப்பூர்க் காரைக்குடியான்:

டாக்டரம்மா எழுதியதைப் படித்துவிட்டு, ஊருக்குக் கொண்டுவர வாங்கி வைத்திருக்கும் சாக்லேட் பையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இங்கே 1950களிலிருந்தே குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு கலக்கிறார்கள். நம்மூரில் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தோம், அதில் எவ்வளவு இருக்கிறதோ. ஃபுளோரைடு அதிகமானால் பல் மஞ்சளாகிவிடும் என்று தர்மபுரி நண்பன் ஒருவன் பயமுறுத்துகிறானே? பேஸ்ட்டை விழுங்கிவிட்டால்?

---

கடைவாய்ப்பல்:

உங்கள் நண்பர் சொல்வது அவர் ஊருக்கு உண்மை. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம் உள்ள இடங்கள் உண்டு. சிறுவயது முழுக்க அதைக் குடித்து வளர்ந்தவர்களுக்கு நிலைப்பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் வரும். ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது நம் நாட்டுக் குடிநீர் வரம்பு. சொந்த போர்வெல் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒருதடவை கொடுத்துச் சோதித்துக்கொள்வது நல்லது. அரிசி அளவு பேஸ்ட்டை விழுங்கினால் ஒன்றும் ஆகாது, அளவைச் சின்னதாக வைப்பதே அதற்காகத்தான். பேஸ்ட் குழாயைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

சாக்லேட்டைக் கொண்டுவாருங்கள். மதியச் சாப்பாட்டோடு சேர்த்து ஒரே தடவையாகக் கொடுக்கச் சொல்லுங்கள், பையைப் பிள்ளையிடம் ஒப்படைக்க வேண்டாம்.

---

பள்ளத்தூர் மருமகள்:

டாக்டர், இரண்டு தடவை படித்தேன். அத்தைக்கும் வாசித்துக் காட்டினேன். கருப்பட்டி பற்றிய பகுதி வந்ததும் எழுந்து போய்விட்டார்! சாயங்காலம் அவராகவே வந்து, "உதட்டைத் தூக்கிக் காட்டு பாப்போம்" என்றார். கீழ்ப்பற்கள் நீங்கள் சொன்னபடி சுத்தமாக இருக்கின்றன. ஆனால் மேலே ஒரு பல்லின் ஈறில் கடுகளவு கொப்புளம் இருக்கிறது. கணவருக்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டேன், பொங்கல் பேச்சு நின்றுவிட்டது.

மூன்று சந்தேகம். பாட்டிலை ஒரேயடியாக நிறுத்தினால் இவன் வளவே அதிரும்படி அழுவான், என்ன செய்வது? செலவு குறைந்த வழி ஏதாவது உண்டா? என் தங்கைக்கு எட்டு மாதக் குழந்தை, அவள் தாய்ப்பால்தான் கொடுக்கிறாள், அவளும் ராத்திரி நிறுத்த வேண்டுமா?

---

கடைவாய்ப்பல்:

கொப்புளம் இருந்தால் இந்த வாரமே போய்விடுங்கள். அந்தப் பல்லின் வேரில் சீழ் இருக்கிறது என்று அர்த்தம். அதைக் காப்பாற்றுவதா எடுப்பதா என்பதை எக்ஸ்ரேயை வைத்து அங்கே முடிவு செய்வார்கள். முன்பல்லை எடுக்கும்படி ஆனாலும் இடம் அவ்வளவாகக் குறையாது. முகத்தோற்றமும் சில எழுத்துகளின் உச்சரிப்பும்தான் கொஞ்ச காலம் மாறும்.

பாட்டிலுக்கு: முதலில் கருப்பட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். இனிப்பு போனபின் பாலில் தண்ணீர் சேர்த்துக்கொண்டே வந்து, கடைசியில் வெறும் தண்ணீர் பாட்டில் ஆக்குங்கள். தண்ணீருக்காக நடுராத்திரி எழுகிற பிள்ளை குறைவு. பாலைச் சாயங்காலம் டம்ளரில் கொடுங்கள், அதற்குப் பிறகுதான் சாப்பாடும் பல் தேய்ப்பும். சில ராத்திரி அழுவான். வீட்டில் எல்லோரும் ஒரே பேச்சாக நிற்கவேண்டும். நீங்கள் மறுத்ததை அப்பத்தா கலந்து கொடுத்தால் இன்னும் கொஞ்சம் உரக்க அழுதால் கிடைக்கும் என்று அவன் புரிந்துகொள்வான். பாட்டிலை ஒரு வயதிலிருந்தே விடத் தொடங்கி ஒன்றரை வயதுக்குள் முடித்துவிடுவது நல்லது.

செலவுக்கு: புதுக்கோட்டையில் 2023-ல் அரசு பல் மருத்துவக் கல்லூரி தொடங்கியிருக்கிறார்கள், உங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரம்தான். நேரம் எடுக்கும், வரிசையில் உட்கார வேண்டும். அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு தடவை வரும் குழந்தைகள் நல மருத்துவக் குழுவும் பல்லைப் பார்த்து மேலே அனுப்பும். இன்னொன்று, வெள்ளி கலந்த ஃபுளோரைடு மருந்து ஒன்று இருக்கிறது. ஊசி, மெஷின் எதுவும் இல்லாமல் தடவிவிட்டால் சொத்தை பெரும்பாலும் மேற்கொண்டு பரவாமல் நிற்கும். சொத்தை இருந்த இடம் கரிக்கட்டை போல் நிரந்தரமாகக் கறுத்துவிடும் என்பதால் முன்பல்லுக்குச் சிலர் ஒப்புக்கொள்வதில்லை. சீழ் வைத்த பல்லுக்கு அது ஆகாது. மற்ற பற்களுக்குக் கேட்டுப் பார்க்கலாம்.

தங்கை தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். முதல் பல் எட்டிப்பார்த்த நாளிலிருந்து அரிசி அளவு பேஸ்ட்டோடு இரண்டு வேளை தேய்த்துவிட்டு, ராத்திரி பால் குடித்து அசந்தபின் மார்பைப் பிரித்துவிட்டால் போதும். ஒரு வயதுக்குப் பிறகும் ராத்திரி முழுக்க மார்பிலேயே தூங்குவதுதான் பல்லுக்கு ஆபத்து. முதல் பிறந்தநாளுக்குள் ஒருதடவை பல் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். அவள் சொந்தப் பல்லில் சொத்தை இருந்தால் அதையும் அடைத்துக்கொள்ளட்டும். தான் ருசி பார்த்த ஸ்பூனால் ஊட்டுவதும், கீழே விழுந்த சூப்பானைத் தன் வாயில் வைத்துச் சுத்தம் செய்து கொடுப்பதும் அம்மாவின் கிருமியைக் குழந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

---

கண்டனூர் ஆச்சி:

டாக்டர், எனக்குக் கோபமில்லை. சங்கைப் பற்றிச் சொன்னீர்களே, அது சரி. இப்போது என்னோடு இருக்கிற கொள்ளுப்பேரனுக்கு ஆறு வயது. பல் எதுவும் விழவில்லை, ஆனால் கடைவாயில் எல்லாவற்றுக்கும் பின்னால் புதிதாக ஒரு பெரிய பல் தெரிகிறது. பால்பல்லில் இன்னும் பாக்கியிருந்ததா?

---

கடைவாய்ப்பல்:

நல்ல வேளை கேட்டீர்கள் ஆச்சி. அது பால்பல் இல்லை, நிலைப்பல். எதுவும் விழாமல் பின்னால் காலியிடத்தில் முளைப்பதால் முக்கால்வாசி வீடுகளில் அதைப் பால்பல் என்றே நினைத்து, சொத்தை வந்தால்கூட விழுந்து முளைக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். அது போனால் போனதுதான், அதற்கு மாற்றுப் பல் கிடையாது. மெல்லும் வேலையில் பெரும்பங்கு அதனுடையது. முளைத்துக்கொண்டிருக்கும்போது மற்றப் பற்களைவிட உயரம் குறைவாக இருக்கும், பிரஷ் மேலேயே போய்விடும். அதனால் பிரஷைக் குறுக்காகப் பிடித்துத் தனியாகத் தேய்க்க வேண்டும். முழுதாக வெளியே வந்ததும் கூட்டிவரச் சொல்லுங்கள், அதன் பள்ளங்களில் சோறு, பிஸ்கட் அடையாமல் ஒரு மெல்லிய பூச்சு போட்டுவிடலாம். ஊசி இல்லை, மெஷின் இல்லை. நீங்களும் கூட வரலாம்.

---

பள்ளத்தூர் மருமகள்:

வியாழக்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறார்கள். அத்தையும் வருகிறார். வெறும் வயிற்றோடு கூட்டிப்போக வேண்டுமா? பையனிடம் என்ன சொல்லி அழைத்துப்போவது? ஊசி போட மாட்டார்கள் என்று சொல்லலாமா?

---

கடைவாய்ப்பல்:

அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்துச் செய்வதானால் வயிறு நிறையக் கொடுத்துக் கூட்டிப்போங்கள், பசியோடு வருகிற பிள்ளை வாயைத் திறக்காது. மயக்கம் கொடுத்துச் செய்வதானால் வெறும் வயிறு வேண்டும். எது என்று முதல்நாளே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். ஊசி போட மாட்டார்கள் என்று சொல்லாதீர்கள், வலிக்காது என்றும் சொல்லாதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் அவனுக்கு வலி நினைவுக்கே வரும். பல்லை எண்ணிப் பார்ப்பார்கள், கழுவி விடுவார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். சேட்டை செய்தால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன் என்று வீட்டில் யாராவது மிரட்டுகிற வழக்கம் இருந்தால் இந்த வாரம் அதை நிறுத்திவையுங்கள்.

முடிந்து வந்தபின் உதடு இரண்டு மூன்று மணி நேரம் மரத்தே இருக்கும். புதிதாக இருக்கிறதே என்று கடித்துப் பார்ப்பான், சாயங்காலம் உதடு வீங்கி நிற்கும். மரப்பு விடும் வரை தின்ன எதுவும் கொடுக்காமல் அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கதை சொல்லச் சொல்லுங்கள்.